விண்வெளிப் படத் துப்பாக்கி ஒன்றைப் படியெடுத்த விதம்

கற்பனை உலகம் ஒன்றை நாம் நம்ப வேண்டுமானால், அவ்வுலகத்துப் பொருள்கள் பழையனவாக இருக்க வேண்டும். இது முதலில் முரண்பாடாகத் தோன்றும். எவரும் கண்டிராத உலகத்துப் பொருள் எப்படிப் பழையதாக இருக்க முடியும்? ஆயினும் நம்மைச் சுற்றியுள்ளவற்றைச் சற்று உற்று நோக்கினால் உண்மை விளங்கும். அரிவாள்மனையின் பலகை ஒருபுறம் குழிந்திருக்கிறது. சைக்கிளின் கைப்பிடியில் வண்ணம் போயிருக்கிறது. பூட்டின் துளையைச் சுற்றிச் சாவி கீறிய கோடுகள் வட்டமிட்டு நிற்கின்றன. ஒரு பொருளை மனிதர் பயன்படுத்துகின்றனர் என்பதற்குத் தேய்மானமே சாட்சி. சாட்சியில்லாத பொருள் கடைக் கண்ணாடிக்குள் இருக்கும் பொருள். அதற்கு வாழ்க்கை இல்லை.

இவ்வுண்மையைத் திரையில் பெரிய அளவில் நிலைநாட்டிய படம், 1977 மே 25 அன்று அமெரிக்காவில் வெளியான 'ஸ்டார் வார்ஸ்'. அதற்கு முன்பு வந்த விண்வெளிப் படங்கள் பலவற்றில் எல்லாம் புத்தம் புதியனவாகப் பளபளத்தன. 1968-இல் ஸ்டான்லி குப்ரிக் எடுத்த '2001: எ ஸ்பேஸ் ஒடிசி' ஈடு இணையற்ற படம்தான்; ஆனால் அதன் விண்கலத்தின் உட்புறம் மருத்துவமனை போல் வெண்மையாக இருக்கும். 'ஸ்டார் வார்ஸ்' இயக்குநர் ஜார்ஜ் லூகாஸ் நேர்மாறானதை விரும்பினார். அவர் காட்டிய விண்கலங்களில் எண்ணெய்க் கறை இருந்தது. இயந்திர மனிதர்களின் உடலில் கீறல்கள் இருந்தன. சுவர்களில் புழுதி படிந்திருந்தது. பார்த்தவர்கள் அவ்வுலகத்தை நம்பினர்.

அப்படத்தில் ஹான் சோலோ என்னும் கடத்தற்காரனாக ஹாரிசன் ஃபோர்டு நடித்தார். அவர் தொடையில் தொங்கும் தோலுறையில் ஒரு துப்பாக்கி இருக்கும். கதையில் அதற்கு 'பிளாஸ்டர்' என்று பெயர், ரசிகர்கள் 'டி.எல்.-44' என்று அதன் வகைப்பெயரையும் சொல்வர். தோட்டாவுக்குப் பதில் ஒளிக்கீற்றைப் பாய்ச்சும் கற்பனை ஆயுதம் அது. அதன் படி ஒன்றை மரம், குழாய், வண்ணம் ஆகியவற்றைக் கொண்டு நான் செய்து முடித்தேன். பழைய துப்பாக்கி போல் தோன்றும்படி தேய்மானமும் ஏற்றினேன். அவ்வேலையின் முறைகளையும், அதற்குப் பின்னுள்ள விஞ்ஞானத்தையும், இறுதியில் எழும் ஒரு கடமையையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

உண்மைத் துப்பாக்கியே வேர்

படியெடுப்பவன் முதலில் அறிய வேண்டியது, மூலப்பொருள் எப்படிப் பிறந்தது என்பதே. 'ஸ்டார் வார்ஸ்' படத்தின் செலவு ஏறத்தாழ ஒரு கோடியே பத்து லட்சம் டாலர். அது எடுத்துக்கொண்ட கதைக்கு மிகச் சிறிய தொகை. லண்டனுக்கு அருகிலுள்ள எல்ஸ்ட்ரீ படப்பிடிப்பு நிலையத்தில் அரங்கப் பொருள்களுக்குப் பொறுப்பேற்றிருந்தவர் ரோஜர் கிறிஸ்டியன். புதிதாக ஆயுதங்களை வடிவமைத்து வார்ப்பதற்குப் பதிலாக, உண்மையான பழைய துப்பாக்கிகளை எடுத்து அவற்றின்மேல் வேறு பொருள்களின் உதிரி உறுப்புகளைப் பொருத்துவது என்று அவர் முடிவு செய்தார். படப்பிடிப்புகளுக்கு ஆயுதங்களை வாடகைக்கு விடும் 'பாப்டி' என்னும் லண்டன் நிறுவனத்திலிருந்து துப்பாக்கிகள் வந்தன. விண்கலத்தின் உட்சுவர்களும் பழைய விமானங்களின் உடைசல்களைக் கொண்டே நிரப்பப்பட்டன. அந்த ஆண்டின் சிறந்த கலை அமைப்புக்கான ஆஸ்கார் பரிசு, ஜான் பாரி முதலானோருடன் கிறிஸ்டியனுக்கும் கிடைத்தது.

ஹான் சோலோவின் பிளாஸ்டருக்கு அடிப்படை, ஜெர்மனியின் மவுசர் நிறுவனம் 1896 முதல் செய்த 'சி96' என்னும் கைத்துப்பாக்கி. இதன் தோட்டாப் பெட்டி விசைக்கு முன்னால் இருக்கும். கைப்பிடி உருண்டு கீழ்நோக்கி விரியும். அதனால் ஆங்கிலேயர் இதற்குத் 'துடைப்பக் காம்பு' என்று பட்டப்பெயர் வைத்தனர். 1898-இல் சூடானில் நடந்த ஓம்டுர்மன் போரில் இளம் அதிகாரியாக இருந்த வின்ஸ்டன் சர்ச்சில் கையில் வைத்திருந்ததும் இவ்வகைத் துப்பாக்கியே. ஆக, வேற்றுலகத்து ஆயுதம் என்று நாம் வியந்தது, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பிறந்த ஒன்று!

இதன்மேல் ஜெர்மனியின் ஹென்சோல்ட் நிறுவனத்தின் குறிதொலைநோக்கி ஒன்று பொருத்தப்பட்டது. குழலின் வாயில், இரண்டாம் உலகப் போர்க்கால ஜெர்மானிய விமான இயந்திரத் துப்பாக்கியின் புனல் வடிவ உறுப்பு சேர்ந்தது. பக்கங்களில் சிறு உலோகத் துண்டுகள் ஒட்டப்பட்டன. வேலை அவ்வளவுதான். இத்துப்பாக்கி 1967-இல் வந்த 'தி நேக்கட் ரன்னர்', 1972-இல் வந்த 'சிட்டிங் டார்கெட்' ஆகிய படங்களிலும் வேறு கோலத்தில் தலைகாட்டியது என்பது சுவையான செய்தி.

வெண்கவச வீரர்களின் ஆயுதமும் இப்படியே உருவானது. பிரிட்டிஷ் இராணுவத்தின் 'ஸ்டெர்லிங்' துப்பாக்கியின் குழல்மேல் பிளாஸ்டிக் பட்டைகளை ஒட்டினர். டாங்கியில் பயன்பட்ட குறிநோக்கியை மேலே வைத்தனர். படப்பிடிப்பில் வெற்றுத் தோட்டாக்களை வெடிக்கவும் செய்தனர். வாயில் தோன்றிய தீப்பொறியும் கையின் அதிர்வும் நடிப்புக்கு உண்மை தந்தன. பின்னர் ஒளிக்கீற்றை வரைந்து சேர்த்தவர்களுக்கு எங்கே தொடங்க வேண்டும் என்பதையும் காட்டின. ஒலியும் அவ்வாறே பழைய பொருளிலிருந்து பிறந்தது. ஒலி வடிவமைப்பாளர் பென் பர்ட், வானொலிக் கோபுரத்தைத் தாங்கும் இழுகம்பியைச் சுத்தியலால் தட்டிப் பதிவு செய்தார். விறைப்பான நீண்ட கம்பியில் உயர்ந்த அதிர்வெண் கொண்ட ஒலி வேகமாகவும், தாழ்ந்தது மெதுவாகவும் செல்லும். ஆகவே காதுக்கு முதலில் கீச்சொலியும் பின்னர் தாழ்ந்த ஒலியும் வந்து சேரும். பிளாஸ்டரின் 'பியூ' என்னும் ஒலி இந்த இயற்பியல்தான்.

அளவெடுக்கும் கணக்கு

மூலப்பொருள் கையில் இல்லாதபோது அளவை எங்கிருந்து பெறுவது? அடிப்படைத் துப்பாக்கி பெருமளவில் தயாரிக்கப்பட்டது என்பதே இங்குக் கைகொடுக்கிறது. வழக்கமான 'சி96' துப்பாக்கியின் மொத்த நீளம் 312 மி.மீ.; குழலின் நீளம் 140 மி.மீ. இவ்விரண்டு எண்கள் போதும். பக்கவாட்டுப் புகைப்படம் ஒன்றை எடுத்து, தெரிந்த நீளத்தை அளவுகோலாகக் கொண்டு, தெரியாத நீளங்களை விகிதக் கணக்கால் பெறலாம். படத்தில் குழல் 70 மி.மீ. இருந்தால் அது பாதியளவுப் படம். அதிலுள்ள ஒவ்வொன்றையும் இரண்டால் பெருக்க வேண்டும்.

ஆனால் புகைப்படம் முழு உண்மையைச் சொல்வதில்லை. கேமராவுக்கு அருகிலுள்ள பகுதி பெரிதாகவும் தொலைவிலுள்ள பகுதி சிறிதாகவும் விழும். ஒரு மீட்டர் தூரத்திலிருந்து படம் எடுக்கப்பட்டது என்று கொள்வோம். துப்பாக்கியின் நடுத்தளத்திலிருந்து 30 மி.மீ. முன்னே நிற்கும் உறுப்பு ஒன்று, கேமராவிலிருந்து 970 மி.மீ. தூரத்தில் இருக்கும். ஒத்த முக்கோண விதிப்படி அது 1000-க்கு 970 என்ற விகிதத்தில், அதாவது 100-க்கு 3 பங்கு பெரிதாகத் தெரியும். 200 மி.மீ. நீளமுள்ள உறுப்பு 206 மி.மீ. என்று கணக்கில் வந்துவிடும். அதே படம் 5 மீட்டர் தூரத்திலிருந்து எடுக்கப்பட்டிருந்தால் பிழை 1.2 மி.மீ. அளவுக்குச் சுருங்கிவிடும். ஆகவே தூரத்திலிருந்து பெருக்குவில்லையால் எடுத்த படங்களையே அளவுக்குப் பயன்படுத்தினேன். அருகிலிருந்து எடுத்த படங்களை உறுப்புகளின் வடிவத்தை அறிவதற்கு மட்டும் வைத்துக்கொண்டேன். பள்ளியில் படித்த முக்கோணக் கணக்கு மரவேலைக்கு உதவும் என்பதை இவ்வேலையில் கண்கூடாகக் கண்டேன்.

உடல் அமைத்தல்

முழு அளவில் வரைந்த படத்தைத் தடித்த அட்டையில் ஒட்டி வெட்டினேன். அந்த அட்டையைக் கையில் பிடித்துப் பார்ப்பது இன்றியமையாதது. தாளில் சரியாகத் தோன்றும் கோணம் கையில் தவறாக இருப்பதை உள்ளங்கை உடனே சொல்லிவிடும்.

உடலுக்கு ஒட்டுப்பலகையை மூன்று அடுக்காகக் கொண்டேன். ஒரே கட்டையைச் செதுக்குவதைவிட இம்முறை எளிது. நடு அடுக்கில் குழி வெட்டி இரும்புத் துண்டு ஒன்றைப் பதிக்கலாம். அதன்பின் இரு பக்க அடுக்குகளையும் பசையிட்டு ஒட்டி, பட்டறைப் பிடியில் ஓரிரவு இறுக்கி வைத்தால் போதும். உண்மையான மவுசரின் எடை சுமார் 1.13 கிலோ. என் படியின் எடை 800 கிராம். கனமில்லாத பொருளைக் கை அலட்சியமாகப் பிடிக்கும். கனமிருந்தால் பிடி தானே மாறும். நடிகருக்கு மட்டுமன்றிப் பார்ப்பவருக்கும் அந்த வேறுபாடு தெரியும்.

புனல் வடிவ வாயையும் தொலைநோக்கியின் இரு முனைகளையும் கடைசல் பட்டறையில் மரத்தில் கடைந்து வாங்கினேன். தொலைநோக்கியின் நடுப்பகுதிக்குப் பி.வி.சி. குழாய் போதுமானது. அடைபட்ட வாய்க்குள் சிறிது ஆழத்திற்கு மட்டும் குழிவு உண்டு. விசை அசையாது, அதுவும் மரத்துண்டே. எந்தப் பகுதியும் இயங்காத வகையில் வேண்டுமென்றே அமைத்தேன். அதன் காரணத்தைப் பின்னர் சொல்கிறேன்.

கைப்பிடியின் இரு தகடுகளைத் தேக்கில் செய்தேன். அவற்றின் குறுக்கே ஓடும் வரிகளை முக்கோண அரத்தால் அராவ வேண்டும். இப்பகுதிக்கு மட்டும் உண்மையான மரத்தின் தோற்றமே வேண்டும் என்பதால் வண்ணம் கிடையாது. ஆளிவிதை எண்ணெய் தேய்த்து ஊற விட்டால் போதும்.

மரத்தை உலோகமாகக் காட்டுவதற்குத் தடையாக இருப்பது மரத்தின் நார். எவ்வளவு இழைத்தாலும் நார்க்கோடு வண்ணத்தின் வழியே எட்டிப் பார்க்கும். அதனால் முதலில் லப்பம் பூசி, உலர்ந்தபின் உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். 120 எண் தாளில் தொடங்கி, 220, 400 என்று மென்மையான தாளுக்குச் செல்ல வேண்டும். பின்னர் பிரைமர். பிரைமர் பூசியவுடன் அதுவரை கண்ணுக்குத் தெரியாத பள்ளங்கள் எல்லாம் வெளிப்படும். மீண்டும் லப்பம், மீண்டும் தேய்ப்பு. இச்சுற்று நான்கு முறை நடந்தது. விளிம்புகளை மட்டும் கூர்மை கெடாமல் காக்க வேண்டும்; உலோகத்தைக் கடைந்த விளிம்பு மழுங்கியிருந்தால் அது சோப்புக் கட்டி போல் தோன்றும். திருகு தலைகளை வரைவதற்குப் பதிலாக உண்மையான திருகுகளையே பதித்தேன்.

தேய்மானத்தின் இலக்கணம்

இனி பழமை ஏற்றும் வேலை. இதற்கும் ஓர் இலக்கணம் உண்டு. ஒரே வரியில் சொன்னால்: மேடானவை இழக்கும், பள்ளமானவை சேர்க்கும்.

துப்பாக்கியின் இரும்புக்குக் கருநீல நிறம் ஏற்றுவது வழக்கம். வேதியியல் முறையில் இரும்பின் மேற்பரப்பை மேக்னடைட் என்னும் கரிய ஆக்சைடாக மாற்றுவதே அது. அந்தப் படலம் மிக மெல்லியது. தோலுறைக்குள் போய் வரும்போதும், மேசைமேல் வைக்கும்போதும், விளிம்புகளே முதலில் உராய்கின்றன. அங்குப் படலம் தேய்ந்து வெறும் இரும்பின் வெண்சாம்பல் நிறம் தெரிகிறது. மறுபுறம், மூலைகளிலும் வரிகளிலும் திருகு தலையின் பிளவிலும் எண்ணெயும் தூசியும் சேர்ந்து கறுக்கின்றன. கைப்பிடி மரத்தில் கையின் வியர்வையும் எண்ணெயும் ஊறி நிறம் ஆழமாகிறது. உள்ளங்கை அழுந்தும் இடம் மட்டும் பளபளக்கிறது.

ஆகவே ஒவ்வொரு அடையாளத்தையும் இடுவதற்கு முன் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். இந்த இடத்தைத் தொட்டது எது? எத்தனை முறை தொட்டது? தொட்டபின் துடைத்தவர் உண்டா? புனல் வாயின் விளிம்பு ஒவ்வொரு முறையும் தோலுறையின் அடியில் மோதும். அங்கு வெண்மை மிகுதி. தொலைநோக்கி பக்கவாட்டில் துருத்தி நிற்பதால் சுவரிலும் கதவிலும் இடிபடும். அங்கு ஆழமான சில வடுக்கள் வேண்டும், பரவலான தேய்வு வேண்டாம். விசைவளையத்தின் உட்புறத்தை விரல் மட்டுமே தொடும். அங்குக் கீறல் இராது, மெருகு இருக்கும். துருவோ மிகக் குறைவாகவே இருக்க வேண்டும். ஹான் சோலோ தன் உயிரை நம்பி வைத்திருக்கும் கருவிக்கு எண்ணெய் போடாமல் விட்டிருப்பானா? துரு என்பது பயன்பாட்டின் அடையாளம் அன்று, கைவிடப்பட்டதன் அடையாளம்.

எல்லா விளிம்புகளிலும் ஒரே அளவாக வெள்ளிக்கோடு இழுத்த படிகளைக் காணும்போது கண் நம்ப மறுப்பதற்கு இதுவே காரணம். எல்லா இடங்களையும் சமமாகத் தொடும் கை உலகில் இல்லை.

வண்ண அடுக்குகள்

உண்மையான தேய்மானம் மேலிருந்து கீழ்நோக்கிச் செல்கிறது. படியில் நாம் கீழிருந்து மேல்நோக்கிக் கட்டுகிறோம். முதலில் முழு உடலுக்கும் அலுமினிய எனாமல் வண்ணம். அதுவே நம் 'இரும்பு'. அதன்மேல் கறுப்பு. பின்னர் தேவையான இடங்களில் கறுப்பை நீக்கினால் உள்ளிருக்கும் 'இரும்பு' வெளிப்படும். கறுப்பின்மேல் வெள்ளி வண்ணத்தைத் தீட்டுவதைவிட இது சிறந்தது. ஏனெனில் நீக்கப்பட்ட இடத்தில் மெல்லிய ஒரு படி இறங்கியிருக்கும். வெளிச்சம் பக்கத்திலிருந்து விழும்போது அந்தப் படியைக் கண் உணர்கிறது.

இங்குக் கரைப்பான்களின் குணத்தை அறிந்திருக்க வேண்டும். எனாமல் டர்பன்டைனில் கரையும். ஓர் எனாமல் அடுக்கின்மேல் டர்பன்டைன் கலந்த இன்னோர் அடுக்கைப் பூசித் துணியால் துடைத்தால், கீழடுக்கும் இளகி வந்துவிடக் கூடும். எனவே இரண்டுக்கும் நடுவில் வேறு கரைப்பானில் கரையும் அடுக்கு ஒன்று காவலாக நிற்க வேண்டும். அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்த மெருகெண்ணெய் இதற்கு ஏற்றது. அரக்கு டர்பன்டைனுக்கு அசையாது. அலுமினியம், அரக்கு, கறுப்பு, மீண்டும் அரக்கு என்பதே நான் பின்பற்றிய வரிசை. நைட்ரோ செல்லுலோஸ் வகை வண்ணத்தை மட்டும் எனாமலின்மேல் பூசக் கூடாது. அதன் தின்னர் கீழடுக்கைச் சுருக்கிவிடும்.

கறுப்பு என்றேன், ஆனால் தூய கறுப்பு உலோகமாகத் தோன்றாது. சிறிது நீலம் கலக்க வேண்டும். பளபளப்பில்லாத வகையாகவும் இருக்க வேண்டும்.

வண்ணம் உதிர்ந்தது போன்ற திட்டுகளைப் பெறச் சமையல் உப்பு உதவுகிறது. அரக்கு உலர்ந்தபின் வேண்டிய இடத்தில் நீரைத் தொட்டு, உப்புத்தூளைத் தூவி உலர விட வேண்டும். அதன்மேல் கறுப்பை மெல்லியதாகத் தெளிக்க வேண்டும். உப்பு எண்ணெய் வண்ணத்தில் கரையாது. வண்ணம் காய்ந்தபின் பழைய பல்துலக்கியால் தேய்த்தால் உப்பு உதிரும்; அது மூடியிருந்த இடத்தில் வெள்ளித் திட்டு நிற்கும். உப்புப் படிகங்கள் தாறுமாறாக விழுவதால் திட்டுகளும் இயற்கையாக இருக்கின்றன. மனிதக் கை எவ்வளவு முயன்றாலும் புள்ளிகளைச் சம இடைவெளியில் வைக்கவே விரும்பும். உப்புக்கு அந்தப் பழக்கம் இல்லை. விளிம்புகளின் தேய்வுக்கு உப்பு வேண்டாம்; 600 எண் தாளை விரலில் சுற்றி, தோலுறை உராயும் திசையிலேயே தேய்த்தால் போதும். இங்குப் போலித்தனமே இல்லை. உண்மையான உராய்வே நடக்கிறது, காலம் மட்டும் சுருங்குகிறது.

அடுத்தது அழுக்கு. எண்ணெய் வண்ணத்தில் கரும்பழுப்பை எடுத்து டர்பன்டைனில் தண்ணீர் போல் இளக்கி, உடல் முழுவதும் பூசி, சில நிமிடங்கள் கழித்துத் துணியால் துடைக்க வேண்டும். சமதளத்தில் உள்ளது துடைபடும். பள்ளங்களிலும் வரிகளிலும் உள்ளது தங்கும். குறுகிய இடங்களில் திரவம் தானே ஏறிச் செல்லும் நுண்புழை விசையே இவ்வேலையைச் செய்கிறது. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதும் இவ்விசையாலேயே.

இறுதியில் கிராஃபைட். மென்மையான பென்சிலின் முனையைத் தேய்த்துப் பொடியாக்கி, விரல் நுனியால் கறுப்பின்மேல் மெருகேற்ற வேண்டும். கிராஃபைட் தகடு தகடாக அமைந்த பொருள். தேய்க்கும்போது அத்தகடுகள் தளத்தோடு தளமாகப் படிந்து ஒளியை ஒரே திசையில் திருப்புகின்றன. அதுவரை வண்ணமாக இருந்தது அக்கணமே இரும்பாகிறது. இதை மிதமாகச் செய்ய வேண்டும். வேலை முடிந்துவிட்டது என்று தோன்றும்போது நிறுத்தி, ஒருநாள் கழித்துப் பகல் வெளிச்சத்தில் பார்ப்பது நல்லது. தேய்மானத்தைக் கூட்டுவது எப்போதும் எளிது. குறைப்பதற்கு முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

படியா, போலியா?

வேலை நன்றாக அமைந்தால் புதிய பிரச்சினை ஒன்று எழுகிறது. பழமை ஏற்றும் கலையும் போலி செய்யும் கலையும் ஒன்றே. கருவிகள் ஒன்று, வண்ணங்கள் ஒன்று, கையின் பழக்கமும் ஒன்று. நோக்கம் மட்டுமே வேறு.

இது வெறும் தத்துவம் அன்று. பெரும் பணம் தொடர்புடையது. 'ஸ்டார் வார்ஸ்' முதற்படத்திற்கெனச் செய்த மூன்று பிளாஸ்டர்களில் எஞ்சிய ஒன்று என்று அறிவிக்கப்பட்டது, 2022 ஆகஸ்டில் அமெரிக்காவில் 10,57,500 டாலருக்கு ஏலம் போயிற்று. 1983-இல் வந்த மூன்றாம் படத்தின் பிளாஸ்டர் ஒன்று 2018-இல் 5,50,000 டாலருக்கு விற்கப்பட்டது. அது பெரும்பகுதி மரத்தால் செய்யப்பட்டது. அதாவது படக்குழுவினரே மரத்தால் படியெடுத்திருக்கின்றனர்! 1982-இல் வந்த 'பிளேடு ரன்னர்' படத்தின் துப்பாக்கி, ஒரு வேட்டைத் துப்பாக்கியின் பகுதிகளையும் ஒரு சுழல் துப்பாக்கியையும் இணைத்துச் செய்யப்பட்டது. அது 2009-இல் 2,70,000 டாலர் பெற்றது. மரத்துண்டு ஒன்றுக்கு இவ்வளவு மதிப்பு வருவது அதன் வரலாற்றால். கீறல்களைச் செய்யத் தெரிந்தவனுக்கு வரலாற்றைச் செய்வதும் எட்டாத தொலைவில் இல்லை.

ஆகவே படியெடுப்பவன் தன் வேலையில் அழியாத முத்திரை ஒன்றை இட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. என் படியின் கைப்பிடித் தகட்டைக் கழற்றினால், உள்மரத்தில் 'இது படி' என்ற சொற்களும், செய்த ஆண்டும், என் பெயரும் சூட்டுக்கோலால் எழுதப்பட்டிருக்கும். தாளில் ஒட்டிய சீட்டு உரிந்துவிடும். மையால் எழுதியது அழிந்துவிடும். மரத்தில் சுட்டது நிற்கும். நான் இல்லாத காலத்தில் இது யார் கைக்குப் போனாலும் பொய் சொல்லாது.

தெருவில் ஒரு துப்பாக்கி

இரண்டாவது கடமை இதனினும் பெரிது. உலோகம் போல் தோன்றும்படி நான் எடுத்த முயற்சி எல்லாம், தெருவில் நிற்கும் ஒருவருக்கு அச்சமாக மாறக் கூடும். 2014 நவம்பரில் அமெரிக்காவின் கிளீவ்லண்ட் நகரப் பூங்கா ஒன்றில், 12 வயதுச் சிறுவன் ஒருவன் பிளாஸ்டிக் குண்டு சுடும் போலித் துப்பாக்கியை வைத்து விளையாடிக்கொண்டிருந்தான். அது பொம்மை என்பதைக் காட்டும் ஆரஞ்சு நிற முனை அதில் இல்லை. அங்கு வந்த போலீஸ்காரர், வந்து இரண்டு விநாடிகளுக்குள் அவனைச் சுட்டார். மறுநாள் அவன் இறந்தான். இத்துயரத்தில் யார் எவ்வளவு பொறுப்பு என்பதைக் குறித்து அந்நாட்டில் பெரும் விவாதம் நடந்தது. எப்படியாயினும், இரண்டு விநாடியில் மரத்தையும் இரும்பையும் பிரித்தறிய எவராலும் இயலாது என்பதை என்னைப் போன்ற கைவினைஞர் மறக்கக் கூடாது.

பொம்மைத் துப்பாக்கிகளின் வாயில் பளிச்சென்ற ஆரஞ்சு நிறம் இருக்க வேண்டும் என்ற விதியை அமெரிக்கா 1989-இல் கொண்டுவந்தது. உண்மைத் துப்பாக்கி போலவே தோன்றும் போலிகளைச் செய்வதையும் விற்பதையும் பிரிட்டன் 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடை செய்தது. திரைப்படம், நாடகம், அருங்காட்சியகம் போன்றவற்றுக்கு மட்டும் விலக்கு அளித்தது. சட்டம் கேட்டாலும் கேட்காவிட்டாலும் நான் மூன்று விதிகளை வைத்துக்கொண்டேன். முதலாவது, எந்தப் பகுதியும் இயங்கக் கூடாது; வாய் அடைபட்டே இருக்க வேண்டும். விசையை மடக்கவும் வழியில்லாத வெறும் மரச்சிற்பமாக அதை அமைத்ததற்கு இதுவே காரணம். இரண்டாவது, அது அதற்கென்று செய்த பலகைத் தாங்கியில் திருகால் பிணைக்கப்பட்டிருக்க வேண்டும். எடுத்து நீட்டுவதற்கு எளிதாக இருக்கக் கூடாது. மூன்றாவது, வீட்டுக்கு வெளியே கொண்டு செல்வதாயின் மூடிய பெட்டிக்குள், புனல் வாயில் ஆரஞ்சு நிற மூடியுடன் செல்ல வேண்டும். அழகு கெடுகிறது என்று சிலர் சொல்வர். கெடட்டும். அழகு பெட்டிக்குள் காத்திருக்கும்.

முடிவாக

ஒரு பொருளைப் படியெடுப்பது அதைப் படிப்பதே. தமிழில் 'படி' என்ற ஒரே சொல் இரண்டுக்கும் நிற்பது பொருத்தமே. திரையில் சில விநாடிகள் மட்டும் வந்துபோகும் துப்பாக்கி ஒன்றைப் படிக்கப் புகுந்தவன், ஜெர்மானிய ஆயுத வரலாற்றையும், முக்கோணக் கணக்கையும், கரைப்பான்களின் வேதியியலையும், ஒலியின் இயற்பியலையும், இரு நாட்டுச் சட்டங்களையும் தொட்டுவிட்டு வருகிறான். கல்லூரியில் தனித்தனி வகுப்புகளில் கற்கும் பாடங்கள் ஒரு மரத்துண்டின்மேல் கூடி நிற்கின்றன.

இத்தகைய வேலையில் ஈடுபட விரும்பும் மாணவ நண்பர்களுக்கு ஒன்று சொல்வேன். துப்பாக்கியையே செய்ய வேண்டும் என்பதில்லை. கப்பலின் திசைகாட்டி, பழைய கேமரா, ரயில்வே விளக்கு என எதையும் இம்முறையில் படியெடுக்கலாம். எதை எடுத்தாலும், முதலில் அதைப் பயன்படுத்திய கையை மனத்தில் நிறுத்துங்கள். அந்தக் கை எங்கே பிடித்தது, எங்கே இடித்தது, எதைத் துடைத்தது என்று கேளுங்கள். கீறல்கள் தாமே தம் இடத்தைச் சொல்லும். வேலை முடிந்தபின் உங்கள் பெயரையும் ஆண்டையும் அதன் உள்ளே எழுதி வையுங்கள். அந்தப் பொருளில் நாம் ஏற்றிய கீறல்கள் எல்லாம் கற்பனை. அந்த ஒரு வரியாவது உண்மையாக இருக்கட்டும்.